வெளி இடையூறு

பள்ளிக்கூடத்து ஆண்டு மலருக்கு, புது இசை ஆசிரியையான என் மனைவியைப் பற்றி வீட்டு ஆள் ஒருவர் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். தலைமையாசிரியை போன் செய்து என்னைக் கேட்டார். "கூடவே இருந்து பார்த்தவர் நீங்கதானே சார், நீங்க எழுதினாத்தான் நல்லா இருக்கும்" என்றார். கூடவே இருந்து பார்த்தவன்தான். பார்த்துப் பார்த்து வயிறு எரிந்தவன் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. எழுதிவிட்டேன். முப்பத்தேழு வயதில் பல்கலைக்கழகம் போனாள், மூன்று வருடம் விடாமல் படித்தாள், குடும்பம் முழு ஒத்துழைப்புக் கொடுத்தது என்று எல்லாம் வரிசையாக வந்துவிட்டது. ஒரே பக்கம்தான். எழுதியதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால் அந்தப் பக்கத்தில் இடம் கிடைக்காததை இங்கே எழுதுகிறேன்.

நான் பியானோ டியூனர். ஒரு பியானோவுக்குள் இருநூறுக்கு மேல் கம்பி இருக்கும். ஒவ்வொன்றையும் சாவி போட்டு முறுக்கி, கட்டையைத் தட்டி, காதால் கேட்டுச் சுதிக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இப்போது போனில் சுதி காட்டும் முள்ளைப் பார்த்து டியூன் செய்கிறவர்கள் வந்துவிட்டார்கள். நான் காதை நம்புகிறவன். மூன்று தடவை தட்டுவேன், ஒரு மூச்சு விடுவேன், நாலாவது தடவை தட்டுவேன். அந்த நாலாவதில் கம்பி தன் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடும். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் எந்தச் சுதியில் முனகுகிறது என்று கேட்டால்கூடச் சொல்வேன். யாரும் கேட்பதில்லை.

இந்தக் காதை வைத்துக்கொண்டு பத்தொன்பது வயதில் பல்கலைக்கழகத்து இசைத்துறைக்கு விண்ணப்பம் போட்டேன். பாட்டு வாத்தியாராக வேண்டும். அப்போது எனக்கிருந்த ஒரே ஆசை அதுதான். வயிற்றுப்பாட்டுக்கு ஒரு பியானோக் கடையில் பழுது பார்க்கும் வேலையில் இருந்தேன். நேர்முகத் தேர்வில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பியானோவில் ஒரு கட்டையைத் தட்டி, "இதைப் பிடிச்சுக்கிட்டுப் பாடுப்பா" என்றார்.

"சார், உங்க பியானோ அரைக் கட்டை இறங்கியிருக்கு. முதல்ல அதைச் சரி பண்ணணும்" என்றேன்.

"சரிப்பா, நீ பாடு."

"தப்பான சுதிக்கு எப்படி சார் பாடறது?"

நியாயமான கேள்வி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவர் மூன்று முறை கேட்டார், நான் மூன்று முறையும் மாட்டேன் என்றேன், எழுந்து வந்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து இடம் இல்லை என்று கடிதம் வந்தது. அடுத்த வாரமே இன்னொரு கடிதம். துறையிலுள்ள பியானோக்களைச் சுதி சேர்க்க ஆள் தேவைப்படுகிறது, வர முடியுமா? கோபத்தில் கிழித்துப் போட்டேன். மறுநாள் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அன்றிலிருந்து அந்தத் துறையின் பதினான்கு பயிற்சி அறைகளிலும் என் சாவி படாத பியானோ கிடையாது. மாணவர்களுக்கு நான் டியூனர் சார். அந்த 'சார்' கேட்கும்போதெல்லாம் பாதி வாத்தியார் ஆகிவிட்ட மாதிரி ஒரு திருப்தி. அதை வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன்.

என் மனைவி ஓர் ஆரம்பப் பள்ளியில் ஆபீஸ் வேலை பார்த்தாள். வருகைப் பதிவு, பஸ் பட்டியல், யாரோ தொலைத்த ஒற்றை ஷூ, எல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். பாட்டுக்கும் அவளுக்கும் பாத்திரம் கழுவும்போது மட்டும்தான் பழக்கம். கனமான குரல், அடித்தொண்டையிலிருந்து வரும். களைத்திருந்தால் மூன்றாவது வரியில் ஒரு நூல் இறங்கிவிடுவாள். கல்யாணமான புதிதில் நான் விடாமல் சுட்டிக் காட்டுவேன். "ஒரு நூல்தானே இறங்குச்சு, நாலு கஜமா இறங்குச்சு?" என்பாள்.

அந்தப் பள்ளியின் பாட்டு டீச்சர் ஒரு வருடம் பாதியிலேயே வேலையை விட்டுப் போய்விட்டார். வகுப்புக்கு ஆள் இல்லை. "பிள்ளைங்க கத்தாம இருந்தாப் போதும், சும்மா பார்த்துக்கோ" என்று தலைமையாசிரியை இவளை அனுப்பினார். இவள் சும்மா பார்த்துக்கொள்ளவில்லை. இரண்டு வாரத்தில் அந்தப் பிள்ளைகள் தண்ணீர்க் குழாய்க்கு வரிசையில் நிற்கும்போதுகூடப் பாட ஆரம்பித்தார்கள். வாயே திறக்காத ஒரு பெண் குழந்தை தாளம் போட்டதாம். தலைமையாசிரியை இவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்.

ஒருநாள் சாயங்காலம் வந்து சொன்னாள். "பட்டம் மட்டும் இருந்தா உன்னையே போட்டுடுவேங்கறாங்க. மூணு வருஷம் தற்காலிக ஆளை வெச்சுச் சமாளிக்கறாங்களாம். அதுக்குள்ள முடிச்சுட்டு வரணும். அதுக்கு மேல ஒரு நாள்கூட அந்த இடத்தைப் பிடிச்சு வைக்க முடியாதாம்."

"எந்தப் பட்டம்?"

"இசை ஆசிரியர் பட்டம்தான். உங்க பல்கலைக்கழகத்துலதான்."

நான் சிரித்தேன். கெட்ட சிரிப்பு இல்லை என்று அப்போது நினைத்தேன். "உனக்கு அரைக் கட்டைக்கும் ஒரு கட்டைக்கும் வித்தியாசம் தெரியுமா? நேர்முகத் தேர்வுலயே அனுப்பிடுவாங்க" என்றேன். "அனுப்பினா வந்துடறேன், வீடு இங்கதானே இருக்கு" என்று சொல்லிவிட்டு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ய உட்கார்ந்தாள்.

நேர்முகத் தேர்வுக்கு அதே அறை. அதே பியானோ. என்ன, இப்போது நான் சுதி சேர்த்து வைத்திருந்தேன். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். இவள் முதல் அடியைப் பாடினாள், இரண்டாவது அடி மறந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள். இவள் என்ன சொன்னாள் தெரியுமா? "அடுத்த அடி மறந்துடுச்சு. முதல் அடியை நீங்க மூணு பேரும் ஒரு தடவை பாடுங்க, அதுக்குள்ள எனக்கு வந்துடும்" என்றாள். அவர்களும் பாடினார்கள்! பேராசிரியர்கள், கண்ணாடி போட்டவர்கள், மூன்று பேரும் வாயைத் திறந்து பாடினார்கள். நடுவில் இருந்த அம்மாவுக்கு விரலால் மேசையைத் தட்டிக்கொண்டே இருக்கும் பழக்கம், மாணவர்கள் வைத்த பெயர் மெட்ரோனோம், டிக் டிக்கென்று தாளம் தட்டும் கருவி. அந்த மெட்ரோனோம் மற்ற இருவரோடு இசைந்து தனி மெட்டில் வேறு பாடியதாம். இவளுக்கு இடம் கிடைத்துவிட்டது.

அன்று என் முகத்தில் ஈயாடவில்லை. "ரொம்ப சந்தோஷம்" என்றேன். எங்கள் பெண்ணுக்கு அப்போது ஒன்பது வயது. "அப்பா ஏன் பல் வலிக்கிற மாதிரி சிரிக்கறாரு?" என்று கேட்டாள்.

முதல் வருடம் எனக்கு நன்றாகவே போயிற்று. அவளுக்குக் காதுப் பயிற்சியில் திணறல். பியானோவில் இரண்டு கட்டையைத் தட்டினால் இடையில் எவ்வளவு தூரம் என்று சொல்ல வேண்டும். சாயங்காலம் சமையல் முடிந்ததும் எங்கள் வீட்டுப் பழைய பியானோவுக்கு முதுகைக் காட்டி உட்காருவாள், நான் தட்டுவேன், அவள் தப்பாகச் சொல்வாள். பத்துக்கு ஆறு தப்பு. "பரவாயில்ல, வரும்" என்று ஆறுதல் சொல்வேன். அந்த ஆறுதலைச் சொல்வதில் எனக்கு இருந்த ருசி இருக்கிறதே, அதை எந்தச் சாப்பாட்டிலும் கண்டதில்லை.

இரண்டாம் வருடத்தில் என்னைக் கேட்பதை நிறுத்திவிட்டாள். கூடப் படித்த பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளோடு ஆறாம் நம்பர் அறையில் உட்கார்ந்து பயிற்சி செய்தாள். எல்லாருக்கும் அவள் அக்கா. நான் அடுத்த அறையில் கம்பி முறுக்கிக்கொண்டிருப்பேன், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. அவள் பாடுவாள், அவர்கள் திருத்துவார்கள், மறுபடியும் பாடுவாள், மறுபடியும் சிரிப்பு. நான் திருத்தும்போது ஒரு நாளாவது அப்படிச் சிரித்திருக்கிறாளா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறாம் நம்பர் அறைப் பியானோவைக் கடைசியாகச் சரி செய்கிறேன் என்று மூன்று வாரம் தள்ளிப் போட்டேன். நடுவில் ஒரு கட்டை அழுதுகொண்டே இருந்தது. அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. கவனிக்காதது என்னை இன்னும் எரித்தது.

முதல் வருடம் தாழ்வாரத்தில் அவளைப் பார்த்து "டியூனர் சார் வைஃப்" என்று பேசிக்கொண்டார்கள். மூன்றாம் வருடம் ஒரு பெண் என்னை நிறுத்தி, "நீங்க அக்காவோட வீட்டுக்காரரா? பியானோகூட ரிப்பேர் பண்ணுவீங்களாமே!" என்று ஆச்சரியப்பட்டது. இருபது வருடத்துக்கு மேல் அதே தாழ்வாரத்தில் கருவிப் பையோடு நடந்தவன் நான். "ஏதோ, பொழுது போகாம" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

கடைசிப் பரீட்சை, வகுப்பு எடுத்துக் காட்டுவது. முன்பின் தெரியாத ஒரு பள்ளிக்கூடம், எட்டு வயதுப் பிள்ளைகள் முப்பது பேர், நாற்பது நிமிடம். அவர்களுக்கு ஒரு புதுப் பாட்டைச் சொல்லிக்கொடுத்து, கடைசியில் பாட வைக்க வேண்டும். பரீட்சகர்கள் இரண்டு பேர் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள், அதில் ஒருவர் மெட்ரோனோம். இதில் தவறினால் அடுத்த வருடம்தான். அடுத்த வருடம் என்றால் பள்ளிக்கூடத்து இடம் போச்சு. மூன்று வருடப் படிப்பும் அந்த நாற்பது நிமிடத்தில் போய் நின்றது.

அவளே ஒரு பாட்டு எழுதியிருந்தாள். மழையில் நனைந்த ஒரு குடையைப் பற்றி. நல்ல பாட்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பரீட்சைக்கு முந்தின நாலு நாள் சாயங்காலமும் கூடத்தில் எங்கள் பெண்ணையும் என்னையும் உட்கார வைத்து வகுப்பு எடுத்தாள். நாங்கள்தான் முப்பது பிள்ளைகள்.

முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது.

பியானோ மூடியின் பூட்டுக்கு நேர் எதிரே, நடுவில், ஒரு வெள்ளைக் கட்டை இருக்கும். அதற்கு வலப்பக்கம் போகப் போகச் சுதி ஏறும், இடப்பக்கம் இறங்கும். அவள் பாட்டை அதற்கு இடப்பக்கம் இரண்டாவது கட்டையில் ஆரம்பித்தாள். அது அவள் தொண்டைக்குச் சுகமான இடம். எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த இடத்தில் குரலே கிடையாது. பிள்ளைகளின் குரல் பூட்டுக்கு வலப்பக்கத்தில்தான் தொடங்கும். இது நான் படித்துத் தெரிந்துகொண்டதல்ல. எத்தனையோ பள்ளிக்கூடங்களில் ஹாலில் உட்கார்ந்து பியானோவைப் பிரித்துப் போட்டிருக்கிறேன். பக்கத்து வகுப்பில் டீச்சர் தன் தொண்டைக்கு ஏற்றபடி பாட்டை எடுப்பார், பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து உறுமுவார்கள், டீச்சர் "என்ன சோம்பேறித்தனம், வாயைத் திறங்க" என்று திட்டுவார். பாவம், திறந்தால் என்ன வரும் அங்கே? படித்தவர்களே செய்கிற தப்பு இது. வகுப்பில் சொல்லித்தான் கொடுக்கிறார்கள். ஆனால் தானே எழுதிய பாட்டு, வீட்டில் தானே நூறு தடவை பாடிப் பார்த்த பாட்டு என்றால், அது தன் தொண்டையிலேயே உறைந்துவிடும். இவளுக்கும் உறைந்துவிட்டது.

எங்கள் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது, அம்மா மாதிரியே கனத்த குரல். அவள் சமாளித்துப் பாடிவிட்டாள். ஆக, அந்த வீட்டில் விஷயம் தெரிந்தது என் ஒருவன் காதுக்குத்தான்.

நாலாவது நாள் பாடி முடித்ததும் என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, ஏதாவது இருந்தா சொல்லுங்க. நாளைக்குத்தான் பரீட்சை."

இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக என்னைக் கேட்கிறாள். சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மேல எடு என்று இரண்டே வார்த்தை. நாக்கின் நுனி வரை வந்தது. அப்போது ஆறாம் நம்பர் அறைச் சிரிப்பு காதில் கேட்டது. பேராசிரியர்கள் மூன்று பேரும் வாயைத் திறந்து பாடியது கேட்டது. பட்டம் வாங்கப் போகிறவள் அவள்தானே, மூன்று வருடம் சொல்லிக்கொடுத்தவர்கள் சொல்லட்டுமே, நான் யார், பொழுது போகாமல் பியானோ ரிப்பேர் பண்ணுகிறவன்தானே என்று மனசு கரித்துக் கொட்டியது.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. "நீங்க சொன்னா சரி" என்று எழுந்து போய்த் தன் புடவையை எடுத்து வைத்தாள்.

இதோடு நின்றிருந்தால்கூட என்னை ஏதோ வாய் மூடி இருந்தவன் என்று மன்னித்துவிடலாம். அந்தப் பள்ளிக்கூடத்து ஹால் பியானோவைப் பார்க்க எனக்கும் அதே நாள் காலையில் வேலை குறித்திருந்தது. தேதியை மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை, அவளிடம் சொல்லவும் இல்லை. அவள் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கிளம்பிப் போய், ஒன்பது மணிக்குள் வேலையை முடித்துவிட்டு, மூடியைத் துடைக்கிறேன், பெடலைப் பார்க்கிறேன் என்று அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தேன். ஹாலுக்கும் அந்த வகுப்புக்கும் நடுவே ஒரு மரத் தடுப்புதான். எதைக் கேட்க வந்தேன் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

ஆரம்பம் அழகாக இருந்தது. குடையைப் பற்றி ஒரு கதை சொன்னாள், பிள்ளைகள் சிரித்தார்கள். தாளம் போட வைத்தாள். பிறகு முதல் வரியைப் பாடிக் காட்டி, "இப்ப நீங்க" என்றாள்.

முப்பது பேரும் உறுமினார்கள். லாரி ஒன்று மேட்டில் ஏற முடியாமல் நிற்கிற சத்தம். மறுபடியும் பாடிக் காட்டினாள். மறுபடியும் உறுமல், இந்தத் தடவை பாதிப் பேர் வாயை மூடிக்கொண்டார்கள். அப்புறம் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

இதைக் கேட்கத்தானே வந்தேன்? கேட்டுவிட்டேன். சந்தோஷம் வரவில்லை. அங்கே அவள் எப்படி நின்றுகொண்டிருப்பாள் என்று தெரியும். புடவைத் தலைப்பை இரண்டு விரலால் முறுக்கிக்கொண்டிருப்பாள். "நீங்க சொன்னா சரி" என்று அவள் சொன்னது வேறு திரும்பத் திரும்பக் காதில் வந்தது. ஐயோ, என்ன காரியம் பண்ணிவிட்டேன் என்று பதறி, பியானோ மூடியைத் திறந்து, பூட்டுக்கு வலப்பக்கம் இரண்டாவது கட்டையைத் தட்டினேன். அவளுக்கு நான்தான் பாட்டெடுக்கும் இடத்தைக் காட்டுகிறேன். மூன்று தட்டு, ஒரு மூச்சு, நாலாவது தட்டு. கேட்டிருக்காதோ என்று இன்னும் பலமாக மறுபடியும் தட்டினேன்.

நான் கேட்காமல் விட்டது ஒன்று உண்டு. என் பதற்றத்தில், தடுப்புக்கு அந்தப் பக்கம் நடந்ததை நான் கவனிக்கவே இல்லை. இந்தக் காது! அவள் அதற்குள் ஒரு பல் விழுந்த குழந்தையைப் பார்த்து, "நீ உன் இஷ்டத்துக்கு ஆரம்பி, நான் உன் பின்னாடி வரேன்" என்றிருக்கிறாள். அந்தக் குழந்தை தனக்கு வசதியான இடத்தில் ஆரம்பித்திருக்கிறது. பூட்டுக்கு வலப்பக்கம் மூன்றாவது கட்டை. பியானோவோ டியூனரோ இல்லாமல் இவள் அந்தக் குழந்தையின் தொண்டையிலிருந்து சுதியை எடுத்து, வகுப்பு முழுவதையும் அதில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து நான் பக்கத்துக் கட்டையைப் போட்டு இடிக்கிறேன். இரண்டாவதும் மூன்றாவதும் ஒட்டினாற்போல இருக்கும் கட்டைகள், சேர்ந்து ஒலித்தால் பல் கூசும். இதை நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்கலாம்.

பிள்ளைகள் தடுமாறினார்கள். அப்போது அவள் குரல் கேட்டது, கொஞ்சமும் பதறாத குரல். "பக்கத்து ரூம்ல ஒருத்தர் வேற சுதியில தட்டிக்கிட்டு இருக்காரு. கேக்குதா? அவர் அவர் பாட்டுக்குத் தட்டட்டும். நீங்க இவ குரலைப் பிடிச்சுக்கங்க. யாரு அந்தப் பக்கம் போகாம நிக்கறீங்கன்னு பாக்கலாம்."

முப்பது பிள்ளைகளும் நின்றார்கள். அந்தக் குடைப் பாட்டை என் முகத்தில் அறைகிற மாதிரி, சுத்தமாகப் பாடினார்கள். நான் கையைக் கட்டையிலிருந்து எடுக்க மறந்து உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்துகொண்டு மெட்ரோனோம் வந்தார். "கொஞ்சம் நிறுத்துறீங்களா? உள்ள பரீட்சை நடக்குது" என்றவர், "ஓ, நீங்களா!" என்றார். அசடு வழிய மூடியைச் சாத்தினேன்.

அவள் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றினாள், தண்ணீர் குடித்தாள், பெண்ணை மாடியில் போய்த் துணி எடுத்துவரச் சொன்னாள்.

"நல்லா போச்சா?" என்றேன்.

"மூணு தட்டு, ஒரு மூச்சு, நாலாவது தட்டு" என்றாள். "அப்படித் தட்டற ஆளு வேற யாரு இருக்கா?"

சிரிக்கிறாள் என்று நினைத்துவிட்டேன் நான், முட்டாள். "பிள்ளைங்க உறுமினது கேட்டுச்சு. உனக்கு உதவியா இருக்கட்டுமேன்னு சுதி கொடுத்தேன்" என்றேன், கொஞ்சம் பெருமையோடு.

"எந்தக் கட்டை அது?"

"பூட்டுக்கு வலப்பக்கம் ரெண்டாவது."

"அந்த இடத்துல எடுக்கணும்னு எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தக் கட்டையைத் தட்டாமல் இருந்திருந்தால் ஆயுசுக்கும் யாருக்கும் தெரிந்திருக்காது.

"நாலு நாள் பாடினேனே. ஏதாவது இருந்தா சொல்லுங்கன்னு கேட்டேனே."

"உங்க துறை மேடம் சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன்."

"நான் மேடத்தைக் கேக்கல. உங்களைக் கேட்டேன்."

"எனக்குப் பொறுக்கல" என்றேன். வேறு என்ன சொல்ல? "நீ அந்த அறைக்குள்ள போனதுலேருந்து பொறுக்கல."

"அது தெரியும். முதல் நாளே தெரியும். பொறாமைப்பட்டுக்கங்க, நான் வேண்டாங்கல. எனக்குக் கிடைச்சது உங்களுக்குக் கிடைச்சிருந்தா நானும் பட்டிருப்பேன்." குரல் உடைந்தது அவளுக்கு. "ஆனா தப்பான சுதிக்குப் பாட மாட்டேன்னு பத்தொன்பது வயசுல எழுந்து வந்த ஆளு நீங்க. சீட்டே போனாலும் பரவாயில்லன்னு வந்த ஆளு. அந்தக் கதையை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன் தெரியுமா? அதுனாலதான் உங்களைக் கேட்டேன்."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அவள் எழுந்து போய் அரிசி களைய ஆரம்பித்தாள். பாத்திரம் கழுவும்போதுகூட அன்றைக்கு முணுமுணுக்கவில்லை.

தேறிவிட்டாள். அந்த வகுப்புப் பாடத்தில் அவளுக்குத்தான் முதலிடம். பரீட்சகர் அறிக்கையின் நகல் வீட்டுக்கு வந்தது. அவள் இல்லாத நேரத்தில் எடுத்துப் படித்தேன். கீழே மெட்ரோனோம் கையால் ஒரு வரி எழுதியிருந்தார்: 'வெளி இடையூறு ஒன்றையே பாடமாக மாற்றிய விதம் மிகச் சிறப்பு.' என் மனைவியின் பட்டத்தில் என் பங்கு அந்த முதல் இரண்டு வார்த்தைதான். அதையும் பொறாமையோடுதான் படித்தேன். மிகச் சிறப்பு என்று என்னைப் பார்த்து அந்தத் துறையில் இதுவரை யாரும் எழுதியதில்லை.

பள்ளிக்கூடம் திறந்தது. தன் பழைய ஆபீஸ் மேசையைத் தாண்டி, எதிர் அறைக்குப் போய் உட்கார்ந்தாள், இசை ஆசிரியையாக. முதல் வாரமே அங்கிருக்கும் பியானோவைச் சுதி சேர்க்க ஆள் கூப்பிட்டாள். என்னை இல்லை. போனில் முள்ளைப் பார்த்து டியூன் செய்கிற ஒரு சின்ன வயசுக்காரனை.

"அவனுக்குக் காதே கிடையாது" என்றேன்.

"இல்லதான். அவரே சொன்னாரு. போன்ல என்ன காட்டுதோ அதை அப்படியே சொல்லிட்டுப் போறாரு" என்றாள். "எனக்கு அது போதும்."

இப்போது அவனைப் பார்த்தும் எரிகிறது எனக்கு. ஒரு ஆளுக்கு எத்தனை பேர் மேல்தான் பொறாமை வரும் என்று ஒரு கணக்கு இல்லையா?

வீட்டில் எல்லாம் பழையபடிதான் இருக்கிறது. பேசுகிறாள், பெண்ணோடு சேர்ந்து என்னைக் கேலி செய்கிறாள், ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட என்னைத்தான் கூப்பிடுகிறாள். பாத்திரம் கழுவும்போது பாட்டும் திரும்ப வந்துவிட்டது. களைத்திருந்தால் மூன்றாவது வரியில் ஒரு நூல் இறங்குகிறாள். நான் அதைச் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சொன்னால் பொறாமை என்பாளோ, சொல்லாவிட்டால் அதைவிட மோசமாக நினைப்பாளோ.

மலருக்கு எழுதிய பக்கத்தை நேற்று அனுப்புவதற்கு முன் அவளிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். விடாமுயற்சி வந்தது, குடும்பத்தின் முழு ஒத்துழைப்பு வந்தது. அந்த வரியில் அவள் கண் கொஞ்ச நேரம் நின்றதைப் பார்த்தேன்.

"ஏதாவது இருந்தா சொல்லு, மாத்திடறேன்" என்றேன்.

அவள் காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்தாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றாள்.